மாதுளைக்கு மண் மாற்றிய வீடு

மதுரையில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மாடிப்படியை ஒட்டிய கீழ்வீட்டில் இருக்கிற சந்தனமாரி, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சமைத்துப் போடுகிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மாதுளைச் செடியைப் பழைய பெயிண்ட் வாளியிலிருந்து உருவியெடுத்து, வேரில் சிக்கெடுத்து, வாளியைவிடக் கொஞ்சம் பெரிய மண்தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அன்று மத்தியானம் சாப்பிடப் பாய் விரித்தபோது சுவருக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது.

பாய் சுருங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவள் மகன் வெயிலுமுத்து மினிபஸ் ஓட்டுகிறவன், எந்தச் சந்தில் வண்டி நுழையும் எதில் நுழையாது என்று கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவான். அவன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். இத்தனை வருடமாக ஒரு கை காலண்டரிலும் மறு கை சாமி படத்திலும் இடிக்கும். இன்றைக்கு இடிக்கவில்லை.

"அம்மா, வீடு கூடிருச்சு."

"கூடட்டும். சோறு ஆறுது, உக்காரு" என்றாள் சந்தனமாரி.

வெயிலுமுத்துவின் மனைவி செவ்வந்திக்கு அப்போது ஐந்து மாதம். அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காலை மடக்கித்தான் சாப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு இரண்டு காலையும் நீட்டினாள், நீட்டிய கால் எதிலும் முட்டவில்லை, நீட்டியபடியே ரசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் எங்கள் வீடுகள். சந்தனமாரி வீட்டில் மகனும் மருமகளும் அறையில் படுப்பார்கள், அவள் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் படுப்பாள். மாதுளை வாசலுக்கு வெளியே மாடிப்படியின் அடியில் நின்றது. கொஞ்ச நாளாகவே அதன் இலை மஞ்சளித்துக்கொண்டு வந்தது, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தது, ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற வேகத்திலேயே அடியில் ஓடிப்போனது, செடி ஒரு வாய் குடித்த மாதிரிகூடத் தெரியவில்லை. ஆனால் அவளை அன்றைக்குச் சீப்பும் கத்தரிக்கோலுமாக உட்கார வைத்தது செடி இல்லை, மகளிடமிருந்து வந்த போன்.

மகள் பவளம் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துவிட்டான், பவளம் இப்போது கொல்லையில் விறகு போடுகிற சாய்ப்பில் படுக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிறவர்கள் வெயிலுமுத்துவிடம் சொன்னார்கள், வெயிலுமுத்து யாரிடமும் சொல்லாமல் சாப்பிடாமல் படுத்தான், அதைத் துருவிக் கேட்டதில் வீட்டுக்குத் தெரிந்தது. பவளம் போனில் கேட்பதெல்லாம் வேறு.

"அம்மா, அங்க வெக்கையா இருக்காம்மா?"

"இருக்குடி."

"பேன் ஒன்னுதானம்மா ஓடுது?"

"ஒன்னுதான்."

"சரிம்மா. வச்சிர்றேன்."

நான் வந்துவிடட்டுமா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள். நேராகக் கேட்டால் அம்மா வா என்றுதான் சொல்லியாக வேண்டும், வந்தால் எங்கே படுப்பது என்பது அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தெரியாதா. சந்தனமாரியும் வா என்று சொல்லவில்லை. மருமகள் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கே எங்கே தொட்டில் கட்டுவது என்று செவ்வந்தி கூரையைப் பார்த்துப் பார்த்துப் படுக்கிறாள். அப்படி ஒரு போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோதுதான் சந்தனமாரி பார்த்தாள், மாதுளையின் வேர் ஒன்று வாளியின் அடி ஓட்டை வழியாக வெளியே வந்து, போக இடம் தெரியாமல், சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலமே நன்றாகத் தண்ணீர் காட்டிவிட்டாள். காலையில் வாளியைப் பக்கவாட்டில் சாய்த்து உருட்டினாள், உள்ளங்கையால் சுற்றித் தட்டினாள், தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் கவிழ்த்துக் குலுக்கினாள். வரவில்லை. கடைசியில் வாளியை மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால், வாளி போன பிறகும் வாளி அப்படியே நின்றது: சுற்றிச் சுற்றி ஓடி, வழி கிடைக்காமல் திரும்பத் திரும்ப அதே சுவரைத் தொட்டு, மண்ணையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, வாளியின் நசுங்கல் வரைக்கும் அச்சாகப் பதிந்து நின்றது வேர். சந்தனமாரி அகலப் பல் சீப்பை எடுத்தாள். தலைவாரத் தெரிந்தவள் சிக்கை உச்சியிலிருந்து இழுக்கமாட்டாள். நுனியில் தொடங்கி, மேலே கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுவாள். அப்படித்தான் செய்தாள். "பொறுடி, பொறுடி, ஆச்சு" என்று செடியிடம் சொன்னது மாடிப்படியில் போன எங்களுக்குக் கேட்டது. சுற்றிச் சுற்றி முரடாகிப்போன வேர்களை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கத்தரித்தாள்.

இரண்டாம் மாடி ஒச்சப்பன், கறிக்கடைக்காரர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். "ஏத்தா மாரி, இம்புட்டுப் பெரிய செடிக்கு இத்தினிக்கூண்டுத் தொட்டியா? செடிகிட்டயுமா கஞ்சத்தனம்?"

"சுத்தி ரெண்டு விரல் எடம் போதும்ணே. அதுக்கு மேல வச்சா வேர் குடிக்காத தண்ணி மண்ணுலயே நிக்கும். அழுகிரும்."

"என்னமோ போ" என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார். வீடு கூடியது அதற்குப் பிறகுதான்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்குத் தரையில் குப்புறப் படுத்துத் தொட்டிகளின் அடி ஓட்டையை எட்டிப் பார்க்கத் தொடங்கினோம். வேர் தெரிகிறதா என்பதே பேச்சாகிவிட்டது, பால் வாங்கும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு "மண்ணு மாத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டோம். நர்சரியில் போய், வேர் முட்டிப்போன செடியாகப் பார்த்து வாங்கிவந்து மாற்றியவர்களும் உண்டு, அதற்கெல்லாம் வீடு ஒரு நூலும் அசையவில்லை. அந்த வீட்டு வாசலிலேயே நின்று, அந்த வீட்டுக் கழுநீரைக் குடித்து, அந்த வீட்டுச் சண்டையையெல்லாம் கேட்டு, இடம் போதாமல் தவித்த செடியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட செம்பருத்திக்கு மண் மாற்றிய வீடு கட்டில் போடுகிற அளவுக்குக் கூடியது, நந்தியாவட்டைக்கு மாற்றிய வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் மறு ஜன்னலுக்கும் நடுவில் காற்று நடந்து போக இடம் வந்தது, வெறும் கற்பூரவல்லிக்கு மாற்றியவர்களுக்கு ஒரு அலமாரி வைக்கிற சந்து கிடைத்தது, அதற்கே அவர்கள் அலமாரி வாங்கப் போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் அதே கட்டடம்தான், அதே பாசி, அதே விரிசல்.

ஹவுசிங் போர்டு ஆபீஸிலிருந்து ஒருவர் அளக்க வந்தார். வெளியே அளந்தார், வரைபடத்தில் இருக்கிறபடி சரியாக இருந்தது. உள்ளே அளந்தார், டேப் பத்தவில்லை. மறுபடி வெளியே வந்து அளந்துவிட்டு, நாங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "எங்களுக்கு வெளிச்சுவர்தாங்க கணக்கு, உள்ள நீங்க என்ன பண்ணாலும் அது உங்க குடும்ப விஷயம்" என்றார். படியிறங்கும்போது குரலைத் தாழ்த்தி, சின்ன வீட்டுக்கு எந்தச் செடி தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

எல்லாம் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பெருக்குகிற பெண்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு திட்டினார்கள். பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள் நாங்கள், சுவர் தள்ளிப் போனதும் இருமல் தூரமாகி, பிறகு கேட்கவே இல்லாமல் போனது, மனசு கேட்காமல் எழுந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி "என்ன சார், இன்னைக்கு இருமலையா?" என்று விசாரித்துவிட்டு வந்தோம்.

ஒச்சப்பன்தான் யோசனையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. பழைய தண்ணீர் டேங்கைப் பாதியாக அறுத்து மொட்டைமாடியில் போட்டு, லாரி மண்ணை நிரப்பி, தன் எலுமிச்சையை அதன் நடுவில் நட்டார். அவர் வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கோடியில் அவர் கூப்பிட்டால் சமையல்கட்டிலிருந்த அவர் மனைவி பாப்பாத்திக்குக் கேட்காது, வீட்டுக்குள்ளேயே போன் போட்டுக் குழம்பு என்ன என்று கேட்டுக்கொண்டார்கள், தண்ணீர் குடிக்கச் சைக்கிளில் போய் வந்தார் மனிதர். நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வெயிலுமுத்துவும் போய்ப் பார்த்தான். அந்தப் பக்கச் சுவர் கண்ணுக்கே எட்டவில்லை.

மறுநாள் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதும், செவ்வந்தி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வெயிலுமுத்து ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாதுளை மண்தொட்டிக்கு வந்து அப்போதுதான் கொஞ்சம் துளிர்த்திருந்தது. வேர் தொட்டியைத் தொட்டிருக்குமா என்றுகூடப் பார்க்காமல், சிக்கெடுக்காமல், அப்படியே தூக்கி டிரம்முக்குள் இறக்கி, மண்ணைக் கொட்டி, நன்றாக இருக்கட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். பிறகு சட்டையெல்லாம் சேறாக, வீட்டுக்குள் நின்று சுவர்கள் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே போன் போட்டான்.

"அக்கா, வீடு பெருசாயிருச்சுக்கா. வந்துருக்கா."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க" என்று பொய் சொன்னான். ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்றாள் பவளம்.

சந்தனமாரி வந்து பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள், ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அழுகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மகன், "அக்கா வர்றேன்னுருச்சும்மா" என்றதும் அவள் வாய் திறக்கவில்லை. பவளத்துக்கு ஒரு மூலை, அதில் ஒரு கொடி, அந்தக் கொடியில் அவள் சேலை காயும் என்று நினைத்தபடி பெரிய வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள்; நினைக்க நினைக்க, அழுகாமலும் போகலாம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

கொஞ்ச நாளில் சுவர்கள் வேர்த்தன. உப்புச் சாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது, தீக்குச்சி பற்றவில்லை, பாயின் அடியில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. பேசினால் பேச்சு எங்கோ போய் நனைந்துவிட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் மூன்று பேரும் பாயை நடுவில் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள். வெளியே மாதுளையின் துளிர் கறுத்துச் சுருண்டது.

ஆவணியில், பவளம் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருந்த அன்று மத்தியானம், ஒச்சப்பன் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டு நாங்கள் ஓடினோம். கதவைத் திறந்தால் அவர் குடும்பம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது, உட்கார இடமில்லாமல். எலுமிச்சை வேர் முழுக்க அழுகிச் செத்துவிட்டது, வீடு கல்யாண மண்டபத்திலிருந்து ஒரே மூச்சில் உள்ளே வந்து, பழைய அளவையும் தாண்டி வந்து நின்றுவிட்டது. ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தார்கள்.

"பீரோவுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு மாரி" என்றார் ஒச்சப்பன். பாப்பாத்தி மாடிப்படி முகப்பில் அடுப்பைப் பற்ற வைத்து, "சைக்கிள்ல போனீகளே, இப்ப போங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

சந்தனமாரி நேராக வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இன்னைக்கேவா அத்தை?" என்றாள் செவ்வந்தி. "மதினி வர்ற நாளாச்சே."

"செத்துச்சுன்னா இருக்கிற எடமும் போயிரும்டி."

வெயிலுமுத்து குறுக்கே வந்து நின்றான். "நாலு நாள் பொறும்மா. அக்கா வந்து உக்காரட்டும். உக்காந்துட்டவள எந்திரின்னா சொல்லப் போறோம்?"

"நாலு நாள் தாங்காதுடா. குனிஞ்சு மோந்து பாரு."

அவன் குனிந்து மோந்து பார்த்தான். பிறகு அவனே டிரம்மைச் சாய்த்தான். கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. வெயில் படாமல் இருக்க வேண்டும் என்று செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து சாக்கில் கிடத்தினார்கள். சந்தனமாரி ஒவ்வொரு வேராக இரண்டு விரலால் உருவிப் பார்த்தாள். அழுகினது தோல் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. அதையெல்லாம் வெட்டினாள். வெட்டின இடம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் சுவர்கள், கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் உள்ளே நகர்வதுபோல, சத்தமில்லாமல் கொஞ்சம் உள்ளே வந்தன. வெயிலுமுத்து சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தான், இன்னொரு தரம் இழுத்தான், பிறகு இழுப்பதை விட்டுவிட்டான். மிஞ்சியது ஒரு கைப்பிடி வேர். மண்தொட்டிகூட அதற்குப் பெரிது. சோறு வடித்த பழைய அலுமினியப் போசி ஒன்று கிடந்தது, ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு வைத்து, அதில் நட்டுவிடலாம் என்று அவள் ஒரு கையில் செடியைத் தூக்கிப் பிடித்தபோது, வாசலில் நிழல் விழுந்தது.

பவளம் நின்றாள். கையில் ஒரு துணிப்பை, காலில் பஸ் ஸ்டாண்டுச் சேறு. மாடிப்படியில் நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம், ஆனாலும் அவள் உள்ளே போகவில்லை. அறையைப் பார்த்தாள். தரையில் மண், சாக்கு, வெட்டிப் போட்ட வேர், நடுவில் அம்மா, ஓரத்தில் டிரங்குப் பெட்டியின் மேல் தம்பி, அடுப்படி வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு செவ்வந்தி. அதோடு அறை முடிந்துவிட்டது.

"வீடு அப்படியேதான் இருக்கு" என்றாள் பவளம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நல்லாயிருக்கு. சும்மா உங்கள எட்டிப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். ராத்திரி பஸ் இருக்கு, போயிருவேன்."

"அக்கா…" என்றான் வெயிலுமுத்து.

சந்தனமாரி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அவள் ஒரு கையில் மண், இன்னொரு கையில் அந்தரத்தில் தொங்குகிற வேர். வா என்று ஒரு சொல், எத்தனை போனில் சொல்லாமல் வைத்தது, அது இப்போதும் வெளியே வரவில்லை. வேர் காய்ந்துகொண்டிருந்தது. செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

செவ்வந்திதான் சத்தம் போட்டாள். "என்ன மதினி, வாசல்லயே நின்னுக்கிட்டு வியாக்கியானம் பேசுறீங்க? அத்தை கை ஆடுது, செடி சாயுது, கண்ணு தெரியலையா? எனக்குக் குனிய முடியல, உங்க தம்பி புடிச்சா இன்னொரு தரம் கொன்னுருவாரு. வந்து புடிங்க."

"கையில பை இருக்கே" என்றாள் பவளம், மெதுவாக. "எங்கிட்டு வைக்க?"

செவ்வந்தி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சிலிண்டர், அரிசி டின், டிரங்குப் பெட்டி, கொடியில் தொங்குகிற கைலி, சுருட்டி வைத்த பாய். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாயின் மேல் இருந்த தன் தலையணையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"என் தலமாட்டுல வைங்க."

பவளம் செருப்பைக் கழற்றினாள். பக்கவாட்டில் நுழைந்து, தம்பியின் முழங்காலைத் தாண்டி, பையை அந்த இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், பை அங்கேயே இருந்தது. அம்மாவுக்கு எதிரில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வாங்கிக்கொண்டாள். சந்தனமாரி கை கையாக மண்ணை அள்ளி, வேருக்கு வலிக்காமல், சுற்றிலும் தூவினாள். நாங்களும் மாடிப்படியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து எங்கள் வீடுகளுக்குப் போனோம். போகும்போது கேட்டது இவ்வளவுதான்.

"நேரா நிக்குதாடி?"

"உன் பக்கமா சாயுதும்மா."

"இருக்கட்டும்."